ஒடிலி எதை அழுத்தினாள்

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு கார்த்தாகோவிலிருந்து கிளம்பிய மின்சாரக் கார் எம்பால்மே ஊரைத் தாண்டி ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தபோது அதில் அறுபத்துநாலு சதவீதம் சார்ஜ் இருந்தது. இந்த எண்ணை ஒடிலி பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்ல வேண்டி வந்தது. சொன்ன இடத்திலெல்லாம், சார்ஜ் தீர்ந்துபோனதை மறைப்பதற்குச் சொல்கிறாள் என்பதுபோலத்தான் கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் சான் இசிட்ரோவில் ஒடிலியின் தங்கை நிடியா இருந்தாள். நிடியாவின் பேத்திக்கு அன்று பன்னிரண்டு மணிக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் ஒடிலி. பின் இருக்கையில் மூன்று வகைப் பால் ஊற்றிச் செய்த கேக் ஒரு பெரிய தட்டில் இருந்தது. பக்கத்து இருக்கையில் புருஷன் ஓல்கர் இருந்தான். மாட்டுத் தீவனம் விற்கும் வேலையில் முப்பது வருஷம் இந்த மலைப்பாதையில் டீசல் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற பிறகும் அவன் வலது கால் ஓயவில்லை. ஒடிலி வண்டி ஓட்டும்போதெல்லாம் வளைவுக்கு வளைவு அது இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்.

பனி இறங்கியிருந்தது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் மிதந்துகொண்டு போனது. உள்பக்கம் கண்ணாடி மங்கியது.

"கண்ணாடியத் தெளிய வை. ஒண்ணும் தெரியல," என்றான் ஓல்கர்.

"எனக்குத் தெரியுது."

"உனக்குத் தெரியுறது எனக்குத் தெரியல."

அப்போதுதான் மணிச் சத்தம் கேட்டது. பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது அடிப்பார்களே, அந்த மாதிரி சின்ன மணி. ஒரே தடவை. அடுத்த நொடி அவள் முன்னாலிருந்த திரை கறுத்துவிட்டது. காற்றாடியின் இரைச்சல் நின்றது. பாட்டு நின்றது. அவள் கால் மிதித்தபடியேதான் இருந்தது, ஆனால் மிதிக்கு மறுமுனையில் ஒன்றுமில்லை. கிணற்றில் வாளி விழுந்தபின் கையில் வெறும் கயிறு வருமே, அப்படி இருந்தது.

ஓடிவந்த வேகம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அது கரைவதற்குள் ஓரம் கட்டிவிட வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். கரும்பாலைச் செக்கை ஒற்றை ஆளாய்த் தள்ளுவதுபோல் கனத்தது. முழு உடம்பையும் சாய்த்துத் திருப்பி வலப்பக்கச் சரளையில் இறக்கினாள். வண்டி நின்றது. நின்ற மறுகணம் பின்னோக்கி நகரத் தொடங்கியது. பிரேக் கல்லாய் இறுகியிருந்தது. இரண்டு காலையும் அதன்மேல் வைத்து, இருக்கையில் முதுகை முட்டுக்கொடுத்து அமுக்கினாள். நின்றது. கைப்பிரேக் என்று அந்த வண்டியில் இருப்பது ஒரு பொத்தான். அதை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். செத்த பொத்தான். அபாய விளக்கும் எரியவில்லை.

ஓல்கர் வாய் திறந்து கேட்ட முதல் வார்த்தை இதுதான்:

"என்னத்த அழுத்துன?"

"எதையும் அழுத்தல."

"எதையாவது அழுத்தாம எப்படி நிக்கும்?"

"ஓல்கர், கீழ எறங்கிக் கல்லத் தூக்கி டயருக்கு வை. நான் காலை எடுத்தா நம்ம ரெண்டு பேரும் கேக்கோட கார்த்தாகோவுக்கே திரும்பிப் போயிருவோம்."

அவன் இறங்கினான். பனியில் அவன் முதுகு மறைந்து, பிறகு ஒரு பாறாங்கல்லைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தது. பின் சக்கரத்துக்கு அடியில் 'டொக்' என்று சத்தம் கேட்டது. இன்னொரு கல். அப்புறமும் அவளுக்குக் காலை எடுக்கத் தைரியம் வரவில்லை. உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பனிக்குள்ளிருந்து திடீரென்று முளைத்து, காரை ஒரு முழம் விட்டு ஒதுங்கி, ஹார்னை நீளமாக அழுத்திக்கொண்டே போனது. ஓல்கர் தன் மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றி, பத்தடி பின்னால் போய் நின்று, வருகிற வண்டிகளுக்கு அதை வீசிக் காட்ட ஆரம்பித்தான்.

அந்த இடத்தில் போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. ஒடிலி அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்ன நடந்தது என்று முதலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். மணி. திரை. காற்றாடி. பாட்டு. மிதி. வரிசை தெளிவாக இருந்தது. கார்த்தாகோவில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷமாக ரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிவருகிறவள் அவள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போனதாக ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. எதுவும் வரிசைப்படி வந்தால்தான் அவளுக்கு நிம்மதி.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து எதிர்த்திசையிலிருந்து காலியாக வந்த இழுவை வண்டி ஒன்று நின்றது. அதை ஓட்டிவந்தவன் பெயர் வில்பெர்த். தொப்பை முன்னால் வர, ஆள் பின்னால் வந்தான். ஓல்கர் அவனிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வது கண்ணாடியில் தெரிந்தது. வில்பெர்த் வந்து கதவைத் திறந்தான்.

"காலு அங்கனயே இருக்கட்டும் மகராணி. நான் எட்டிப் பாத்துக்குறேன்."

அவள்மேல் படாமல் சாய்ந்து, வண்டியை உயிர்ப்பிக்கும் பொத்தானை ஒரு விரலால் அழுத்தினான். திரை வெளிச்சமானது. காற்றாடி இரைந்தது. விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. அறுபத்துநாலு சதவீதம்.

"தூங்கியிருக்கு," என்றான் வில்பெர்த். "இந்த வண்டிங்க இப்படித்தான். சத்தமில்லாத புள்ளைங்க, எப்ப தூங்கும், எப்ப முழிக்கும்னு பெத்தவளுக்கே தெரியாது. கைபட்டு எதையாவது திருகிட்டீங்களோ? பாருங்க, இந்தக் குமிழு இங்கயே இருக்கு."

இரண்டு இருக்கைக்கும் நடுவில் கியர் மாற்றும் குமிழ் இருந்தது. அதற்கு நாலு விரற்கடை தள்ளி, கண்ணாடியைத் தெளியவைக்கும் பொத்தான்.

"நான் அதத் தொடல," என்றாள் ஒடிலி.

"தொட்டீங்கன்னு நான் சொல்லலயே. கேட்டேன், அவ்ளோதான்."

இறங்கியபோது அவள் கால் மடங்கியது. வில்பெர்த் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். எவரும் சொல்லாமலே ஓல்கர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். அதன்பின் சான் இசிட்ரோ வரைக்கும் வண்டி வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது.

கோயிலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஞானஸ்நானம் முடிந்திருந்தது. பாதிரியார் காத்திருக்க முடியாது என்றுவிட்டாராம். பிள்ளையின் அப்பா வழி அத்தை ஒருத்தி ஒடிலிக்குப் பதிலாக நின்று மெழுகுவர்த்தி பிடித்திருந்தாள். "ஏட்டுல ஞானத்தாயா உம்பேருதான் எழுதியிருக்கோம்," என்றாள் நிடியா. அப்படிச் சொன்னபோது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் ஓல்கர் கதையை எடுத்தான். அவனுக்குக் கதை சொல்ல வரும். தீவனம் விற்றவனுக்கு வாய்தானே மூலதனம். மஞ்சள் கோட்டை வீசியதை எழுந்து நின்று நடித்துக் காட்டினான். லாரிக்காரனின் ஹார்னை வாயாலேயே அடித்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கண்ணாடி மங்கிப்போச்சு, தெளிய வைன்னு சொன்னேன். இவ கைய நீட்டுனா. அவ்ளோதான், வண்டி பொத்துனு நின்னுருச்சு."

ஒடிலி கையிலிருந்த முள்கரண்டியை வைத்தாள்.

"நான் கைய நீட்டல."

"நீட்டுன ஒடிலி. நான் சொன்னதும் நீட்டுன."

"எனக்குத் தெரியுதுன்னு சொன்னேன். நீட்டல."

"சொல்லிட்டு நீட்டுன."

நிடியாவின் புருஷன் நடுவில் புகுந்தான். "அட விடுங்க அண்ணி. எம்பொண்டாட்டி மைக்ரோவேவ்ல நேரம் வைக்கிறேன்னு மூணு தடவ கடிகாரத்த மாத்திட்டா. பொத்தான்னா பொம்பளைக்கு அப்படித்தான்." நிடியா அவன் முதுகில் ஒன்று போட்டாள். மறுபடி சிரிப்பு.

ஒடிலி சிரிக்கவில்லை. ஓல்கர் சொன்னபடியே அவளுக்கு இப்போது ஒரு கை தெரிந்தது. கல்யாண மோதிரம் போட்ட அவளுடைய சொந்தக் கை, திரைக்குக் கீழே நீண்டு போகிறது. அது நிஜமா, அவன் சொல்லிச் சொல்லி உண்டானதா? கை நீண்டபின் மணி கேட்டதா, மணி கேட்டபின் கை நீண்டதா? காலையில் அவ்வளவு ஒழுங்காக நின்ற வரிசை, கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டாகிவிட்டது. எத்தனை முறை அடுக்கினாலும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தது.

திங்கட்கிழமை வண்டியை வாங்கிய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். சர்வீஸ் பகுதியில் இருந்தவர் வண்டியில் ஒரு கம்பியைச் செருகி, கையில் பலகைபோல் ஒரு கணினியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அதை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"கோளாறு ஒண்ணும் பதிவாகல தோன்யா ஒடிலி," என்றார், பெரிய மனுஷிகளுக்குப் போடும் மரியாதையோடு.

"அப்ப வண்டி நல்லா இருந்துச்சுன்னு பதிவாகியிருக்கா?"

"அப்படியும் இல்ல. ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்ல."

"குமிழ யாராவது திருகியிருந்தா அது பதிவாகுமா?"

"ஆகும். பொதுவா ஆகும்."

"ஆகியிருக்கா?"

அவர் திரையைத் தள்ளினார். "இல்ல. ஆனா அந்த மலையில சிக்னல் இல்ல பாருங்க. சில சமயம் விட்டுப்போகும்." பிறகு குரலைத் தாழ்த்தி, ஓல்கரைப் பார்த்துச் சொன்னார்: "சில பேருக்குக் கை தவறிப் படுறதுண்டு. பயப்பட ஒண்ணுமில்ல."

நின்றது தன் வண்டி. ஓட்டியவள் தான். ஆனால் பேச்சு தன்னைத் தாண்டிப் புருஷனிடம் போவதை ஒடிலி கவனித்தாள். வழக்கமாக இருந்தால் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்தால் என்ன செய்வது என்ற யோசனை வந்து வாயை அடைத்துவிட்டது.

அதிலிருந்து அவள் வண்டியைத் தொடவில்லை. பஸ்ஸில் வேலைக்குப் போனாள். ஓல்கர் முதலில், "என்ன ஒடிலி, இதுக்குப்போயி," என்றான். பிறகு, "சரி, கொஞ்ச நாளு நானே ஓட்டுறேன்," என்றான். அதைச் சொன்ன வேகத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததாக அவளுக்குப் பட்டது. அதுவும் தன் கற்பனையோ என்று உடனே சந்தேகம் வந்தது.

சந்தேகம் வண்டியோடு நிற்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒரு குழாயை எடுத்தாள். பெயர் ஒட்டியிருந்தது. சீட்டைப் பார்த்தாள், சரியாக இருந்தது. வைத்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தாள். ஐந்தாவது தடவை எடுத்தபோது பக்கத்து மேசை கிரிசெல்தா கேட்டாள்:

"அந்தக் குழாய்க்குள்ள என்ன, சினிமாவா ஓடுது?"

"பேரு சரியா இருக்கான்னு பாக்குறேன்."

"சரியாத்தான் இருக்கு. நாலு தடவ பாத்துட்டியே."

"நாலா? அஞ்சில்ல?"

கிரிசெல்தா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அன்று மாலையே, ஞாபகசக்தியைச் சோதிக்கிற டாக்டரிடம் நேரம் குறித்துவிட்டாள். அவளுடைய பெரியம்மா ஒருத்தி அறுபது வயதில் அடுப்பை அணைக்க மறந்தாள். அறுபத்திரண்டில் வீட்டுக்கு வழி மறந்தாள். ஒடிலிக்கு அப்போது ஐம்பத்தொன்பது.

ஓல்கரிடம் சொன்னபோது அவன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் எதுக்கு?" என்றான்.

"தெரிஞ்சுக்கலாமே."

"ஒனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா நான்தான் எதையோ அழுத்தியிருக்கேன். அழுத்துனது ஞாபகம் இல்லன்னா அது எப்படி ஒண்ணுமில்லாம போகும்?"

அவன் எழுந்துபோய்த் தோட்டத்தில் வாழைக்கு மண் அணைத்தான். அந்த வாரம் முழுக்க அவனுக்குத் தோட்டத்தில்தான் வேலை. கடைக்கு நடந்தே போனான். "நடந்தா நல்லதாம்," என்றான். பஸ்ஸில் போகலாம் என்றான். வண்டி வாசலில் பலாப்பழம்போல் சும்மா கிடந்தது. ஒடிலிக்கு அது புரியவில்லை. தன்மேல் இரக்கப்பட்டு, தன் கண்முன் ஓட்டக்கூடாது என்று நினைக்கிறானோ என்று எண்ணிக்கொண்டாள். அந்த எண்ணமே அவளுக்கு அவமானமாக இருந்தது.

டாக்டரிடமும் பஸ்ஸில்தான் போனார்கள். உள்ளே அவளைக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வரைந்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். மூச்சுவிடாமல் கழித்தாள். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். கை, பஞ்சு, ஆரஞ்சு, குடை. நாலுதான் வந்தது. ஐந்தாவது வார்த்தை இருந்த இடத்தில், கறுத்துப்போன அந்தத் திரை மாதிரி ஒரு சதுரம் மட்டும் நின்றது.

"பரவாயில்ல தோன்யா, எல்லாருக்கும் ஒண்ணு விடும்," என்றார் டாக்டர். "முடிவ முழுசா எழுதி அனுப்புறேன்."

வெளியே வந்து ஓல்கரின் பக்கத்தில் நீல நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு மறந்துட்டேன்," என்றாள். "அஞ்சுல ஒண்ணு."

ஓல்கர் அவள் முகத்தைப் பார்த்தான். அழுகிறவள் இல்லை அவள். இப்போதும் அழவில்லை. ஆனால் கீழுதடு அவள் பேச்சைக் கேட்காமல் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஒடிலி," என்றான். "எனக்கும் நின்னுச்சு."

"என்ன நின்னுச்சு?"

"வண்டி. ஒச்சோமோகோ ஏத்தத்துல. பட்டப்பகல்ல. பனியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் கறுத்துப்போயி, அப்படியே நின்னுச்சு. பின்னாடி பத்து வண்டி ஹார்ன் அடிக்குது."

"எப்ப?"

"போன வாரம் செவ்வாக்கெழம."

ஒடிலி விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது நாள். குழாயை ஐந்து தடவை எடுத்துப் பார்த்தது அதற்குப் பிறகு. டாக்டரிடம் நேரம் குறித்தது அதற்குப் பிறகு. ராத்திரி ராத்திரி பெரியம்மாவை நினைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்ததும் அதற்குப் பிறகுதான். ஒன்பது நாளும் இவன் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறான்.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவேண்டிய இடத்துக்கு அது வந்து சேரவில்லை. அதற்குப் பதில் வேறொன்று வந்தது.

"ஏணி," என்றாள்.

"என்னது?"

"அஞ்சாவது வார்த்த. ஏணி."

ஓல்கர் அவளை மருண்டு பார்த்தான். இவளுக்கு நிஜமாகவே என்னவோ ஆகிவிட்டது என்று அந்த நொடியில் அவன் நினைத்திருக்க வேண்டும்.

"நீ என்னத்த அழுத்துன?" என்று ஒடிலி கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

"எதையும் அழுத்தல." சற்று நின்றான். "ரேடியோவ மாத்துனேன். இல்ல, மாத்தலாம்னு நெனச்சேன். கைய எடுத்தேனா இல்லையான்னு..." அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தெரியல ஒடிலி. சத்தியமாத் தெரியல. அன்னிலேர்ந்து அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"ஏன் சொல்லல?"

"நான்தான் எதையோ பண்ணிட்டேன்னு நெனச்சேன். முப்பது வருஷம் ஓட்டுனவன். ஊரு பூரா ஒன்னப் பத்திச் சொல்லிச் சிரிச்சுட்டு, அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு..." மீதியை மென்று விழுங்கினான். "ரெண்டு பேருக்கும் சேந்து மூளை கெட்டா, யாரு யாரப் பாத்துக்குறது? அதையும் நெனச்சேன்."

எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் பத்திரிகையை இறக்கி இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். ஒடிலி எழுந்தாள். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தும் அவன் உட்காராமல் நின்றுகொண்டே வந்தான்.

தனக்கு நடந்தது தன்னால் அல்ல என்று தெரிந்துவிட்டதில் அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததுதான். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு இன்னும் என்னென்னவோ வந்தன. சான் இசிட்ரோவில் அத்தனை பேர் முன்னால் அவன் நீட்டிக் காட்டிய கை நிஜமா பொய்யா? பொய்யென்றால் அவனுக்கே அது பொய்யென்று தெரியுமா? அவன் பார்த்ததாகத்தான் நம்புகிறான். அவளும் இப்போது பார்த்திருக்கிறாளே. இல்லாத கையை இரண்டு பேர் பார்ப்பது எப்படி?

கிரிசெல்தாவின் அண்ணன் மகள் செனியா, பரைசோ என்ற ஊரில் மின்சார வண்டிகளுக்கென்றே ஒரு பட்டறை வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயது, மொட்டையாக வெட்டிய முடி, காதில் பென்சில். சனிக்கிழமை வண்டியை இழுவை வண்டியில் ஏற்றியே அங்கே கொண்டுபோனார்கள். ஓட்ட இரண்டு பேருக்கும் துணிவில்லை.

செனியா கணினியை எடுக்கவில்லை. முதலில் இருவரையும் ஸ்டூலில் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னாள். முதல் ஆளாக அவள்தான் "எதை அழுத்துனீங்க?" என்று கேட்காமல், "எதெது அணைஞ்சுது?" என்று கேட்டாள்.

"எல்லாமே," என்றாள் ஒடிலி. "அபாய விளக்குகூட எரியல."

"அதுவும் எரியலையா?" செனியா பென்சிலை எடுத்து நெற்றியைச் சொறிந்தாள். முன் மூடியைத் திறந்து, உள்ளே ஒரு ஓரத்தில் இருந்த சின்ன பேட்டரியிடம் போனாள். சாதாரண வண்டிகளில் இருப்பது போன்ற அதே பேட்டரி.

"பெரிய பேட்டரி யானைன்னா, இதுதான் பாகன். இது கண்ண மூடுனா யானைக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது," என்று சொல்லிக்கொண்டே அதிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் கறுப்புக் கம்பியைப் பிடித்து ஆட்டினாள். போல்ட்டோடு சேர்ந்து கம்பியும் ஆடியது. பால் பல்போல ஆடியது.

"முறுக்காமலே விட்டிருக்காங்க. செஞ்ச எடத்துலயோ, பின்னாடி எவனோ கழட்டி மாட்டுனப்பவோ. ஏத்தத்துல வண்டி சாயுறப்போ, சரளையில குலுங்குறப்போ தொடுப்பு விட்டுப்போகும். மறுபடி ஒட்டிக்கிச்சுன்னா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்."

"அப்ப ஏன் ஒண்ணும் பதிவாகல?" என்றான் ஓல்கர்.

"எழுதுறவனே மயங்கி விழுந்துட்டா யாரு எழுதுறது மாமா?"

பத்து நிமிஷ வேலை. துருவைத் தேய்த்து, புது போல்ட் போட்டு, முறுக்கி, மேலே மெழுகு மாதிரி எதையோ தடவினாள். ஒடிலி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். கடைசியில் கேட்டாள்:

"நிக்கிறதுக்கு முன்னால ஒரு மணி அடிச்சுது. அது எது?"

"மணியா?"

"சின்ன மணி. பூசை மணி மாதிரி. ஒரே தடவ."

செனியா யோசித்தாள். "இந்த வண்டியில அந்த மாதிரி சத்தமே கெடையாதே அத்த. எச்சரிக்கைன்னா 'பீப் பீப்'னுதான் வரும். அதுவும் தொடுப்பு விட்டுட்டா வராது."

ஒடிலி ஓல்கரைப் பார்த்தாள். அவன் தலையை மெல்ல ஆட்டினான், இல்லை என்பதுபோல. பிறகு அவசரமாக, "கேட்டிருக்கலாம். நான் பேசிக்கிட்டு இருந்தேன்," என்றான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. மணி கேட்டது. யார் இல்லை என்றாலும் கேட்டது. அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாது.

டாக்டரின் முடிவு அடுத்த வாரக் கடைசியில் வந்தது. வயதுக்கு ஏற்றபடி எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு வரி. ஒடிலி அதைப் படித்துவிட்டுப் பழத்தட்டு இருந்த மேசையில் வைத்தாள். ஓல்கரும் படித்தான். படித்த கையோடு நிடியாவுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, ஒச்சோமோகோ ஏற்றத்தில் தான் நின்றது, ஒன்பது நாள் மறைத்தது, கம்பி ஆடியது எல்லாவற்றையும் சொன்னான். இந்த முறை எதையும் நடித்துக் காட்டவில்லை. மறுமுனையில் நிடியா, "அக்கா பக்கத்துல இருக்காளா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்," என்றாள் ஒடிலி.

"ஞாயித்துக்கெழம வா. புள்ளைய நீ இன்னும் தூக்கவே இல்ல."

"வரேன்."

"யாரு ஓட்டுறா?"

ஒடிலி ஓல்கரைப் பார்த்தாள். "நான்தான்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. எம்பால்மே தாண்டியதும் அவள் கைகள் ஸ்டீயரிங்கை இறுக்கிக்கொண்டன. கால் லேசாக நடுங்கியது. கோளாறு என்ன என்று தெரியும், சரிசெய்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று, ஆனாலும் காலுக்கு அது எட்டவில்லை. பக்கத்தில் ஓல்கர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பையன்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வீட்டிலிருந்து புறப்பட்டதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வேகமாய்ப் போகிறாய் என்று சொல்லவில்லை. மெதுவாய்ப் போகிறாய் என்றும் சொல்லவில்லை.

இரண்டு வளைவு பொறுத்துப் பார்த்தாள்.

"எதையாவது பேசு," என்றாள்.

"எதுக்கு?"

"நீ பேசாம வந்தா வண்டி நின்னுபோச்சோன்னு பயமா இருக்கு."

ஓல்கர் தொண்டையைச் செருமினான். முன்னால் ஒரு லாரி முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"அந்த லாரிக்காரன்," என்றான் தயங்கித் தயங்கி, "ரெண்டாவது கியர்லயே போயிருக்கணும். மூணுல போட்டு இழுக்கிறான் பாரு, மடப்பய. இஞ்சின் என்னத்துக்கு ஆகும்? நான் இந்த ஏத்தத்துல தீவனம் ஏத்திக்கிட்டு வந்த காலத்துல..."

ஒடிலி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். வண்டி ஏதும் வரவில்லை. முன்னால் பாதை தெளிவாக இருந்தது. திரும்பும் விளக்கைப் போட்டு, லாரியைத் தாண்டினாள்.